முறுக்காத போல்ட்டுக்கு மஞ்சள் கோடு

எங்கள் ஆலையின் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் மூன்று காகிதங்கள் எப்போதும் தொங்கும். ஒன்று, அந்த வாரத்து உணவுப் பட்டியல். இரண்டு, பாதுகாப்பு உறுதிமொழி. மூன்று, நான் எழுதும் பந்தய முன்னோட்டம். முதலாவதை எல்லோரும் படிப்பார்கள். இரண்டாவதை யாரும் படித்ததில்லை. ஆனாலும் தணிக்கைக்காரர்கள் வரும் நாளில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். மூன்றாவதற்கு ஒரே ஒரு வாசகர் இருந்தார். அது நான்தான், எழுத்துப்பிழை திருத்துவதற்காக.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளராக இருக்கிறேன். வேகமாக ஓடும் பொருள்களைச் செய்கிறவர்கள் நாங்கள். கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுகிறவர்களும் நாங்களே. தண்டலம் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பந்தயத் தடம் இருப்பது இங்கே வேலை பார்க்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் அந்தச் சத்தம் கேட்டால் யாருடைய ஆலையிலோ கம்ப்ரஸர் பழுது என்று அனுதாபப்படுவார்கள்.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். முதல் மழை, மின்வெட்டு, பஸ் தாமதம், கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் தென்பட்ட அபூர்வ நாட்கள், எல்லாம் டைரியில் உண்டு. பந்தய வார இறுதிகளும் அந்த வரிசையில்தான் நுழைந்தன. பிறகு டைரியில் எழுதுவது போதாமல் பலகையில் ஒட்ட ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. ஆலையில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

என் வாசகர் எண்ணிக்கை இரட்டிப்பானது ஒரு மெமோவினால்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். இறுக்கம் சரியானதும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் கொண்டு போல்ட்டை முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு மஞ்சள் கோடு இழுக்கவேண்டும். கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் அந்தப் போல்ட்டை மறுபடி தொடமாட்டார். கோவிலில் பூசாரி குங்குமம் வைத்த பிறகு சாமியைத் தொடுவோமா, அதைப்போல. சில புத்திசாலிகள் நேரம் மிச்சம் பிடிக்க, முறுக்குமுன்பே நான்கு போல்ட்டுக்கும் கோடு போட்டுவிட்டுப் பிறகு முறுக்குவார்கள். இதுபோன்ற மகாபாதகர்களைப் பிடித்து மெமோ கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

அப்படிப் பிடிபட்டவன் அசெம்பிளி லைனில் இருந்த ஒரு கோவில்பட்டிக்காரன். இருபத்தாறு வயது. மெமோவில் தேதி, மணி, எத்தனையாவது போல்ட் என்பதுவரை எழுதினேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில், ‘முறுக்குவதற்கு முன் குறியிட்டது. அலட்சியம்’ என்று என் அழகான கையெழுத்தில் நிரப்பினேன். அவன் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

“முன்னாடியே கோடு போட்டது தப்புதான் சார். ஆனா கோடு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க, அதையும் ஒரு வரி எழுதலாம்லா?”

பிறகு போகிறபோக்கில் சொன்னான்: “பலகையில நீங்க எழுதுனது படிச்சேன். மூணாவது வளைவுல முந்தலாம்னு போட்டிருக்கீங்க. அங்க முந்துனா நேரா மண்ணுக்குள்ளதான் போவணும். நான் போயிருக்கேன்.”

அவன் பந்தயம் ஓட்டுகிறவன் என்று அப்படித்தான் தெரிந்தது. வல்லக்கோட்டைப் பக்கம் ஓர் அறையில் நான்கு பேரோடு தங்கியிருந்தான். ஆறாவது ஆளாக அவனுடைய பந்தய வண்டியும் அதே அறையில் பாய் பக்கத்தில் படுத்திருந்தது. சாதாரண நூற்றறுபது சிசி வண்டிதான். விளக்கு, கண்ணாடி, ஹாரன் எல்லாம் கழற்றி எறிந்த பிறகு பந்தய வண்டி என்று பெயர்.

ஓட்டுகிறவன் என்று சொன்னேன். உண்மையில் அவன் அதுவரை ஒரு பந்தயத்தில்கூடப் புறப்பட்டதில்லை. முதல் முறை பயிற்சியிலேயே விழுந்து காலர் எலும்பு போனது. இரண்டாம் முறை, பந்தயத்துக்கு முந்தின நாள் வாடிக்கையாளர் தணிக்கை என்று சூப்பர்வைசர் லீவை ரத்து செய்தார். தணிக்கைக்கு வந்தவர்கள் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்போது மூன்றாம் முறை. அடுத்த திங்கட்கிழமை அவன் குஜராத்தில் திறந்திருக்கும் புது ஆலைக்குக் கிளம்பவேண்டும். மாற்றல் உத்தரவு கையில் வந்துவிட்டது. வண்டியை அறைத் தோழன் ஒருவனுக்கு விற்பதாகப் பேசி முடித்தாகிவிட்டது. ஆக, இந்த வார இறுதி தவறினால் பந்தயம் ஓட்டியவன் என்று அவன் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளவே முடியாது.

“ஜெயிக்கணும்னு இல்ல அண்ணாச்சி” என்றான். இதற்குள் நான் சாரிலிருந்து அண்ணாச்சி ஆகியிருந்தேன். “சிவப்பு லைட்டு அணையும்லா, அப்ப அந்தக் கூட்டத்துல நானும் நிக்கணும். அவ்வளவுதான்.”

இப்படிப்பட்ட வார இறுதிக்கென்று பார்த்துத்தான் பந்தயத்தை நடத்துகிறவர்கள் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தினார்கள். அறிக்கையின் முதல் பத்தி, போட்டியைச் சமமாக்குவதே நோக்கம் என்று சொன்னது. இதற்கு முந்திய திருத்தமும் அதே நோக்கத்தோடுதான் வந்தது; சமத்துவம் எப்போதும் அடுத்த பருவத்தில்தான் கிடைக்கும் போலிருக்கிறது. விதிப்புத்தகத்தை அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதி, மூன்று முறை படித்தேன். கல்யாணத்துக்கு முன்பு ஜாதகத்தைக்கூட இத்தனை கவனமாகப் பார்க்கவில்லை.

முக்கியமான மாற்றங்கள் மூன்று. முதலாவது, இனி வண்டியின் எடையை மட்டும் பார்க்கமாட்டார்கள். ஓட்டுபவரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒல்லியாக இருப்பது தனித்திறமையாக இருந்த காலம் முடிந்தது. குறைகிற எடைக்கு ஈயத் தகடு கட்டிக்கொள்ளவேண்டும். இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே வகை டயர். மூன்றாவதுதான் பெரியது. இன்ஜினைப் பிரித்து உள்ளே கைவைக்கும் கலைக்கு முற்றுப்புள்ளி. வெள்ளிக்கிழமை சோதனையில் அதிகாரி இன்ஜின் மூடியின் போல்ட்டுகளில் வண்ணம் தொட்டு முத்திரை வைப்பார். ஞாயிறு மாலைவரை அது கலையக்கூடாது.

முன்னோட்டத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். பட்டறை வைத்திருக்கும் பெரிய அணிகளின் ரகசிய வித்தைகள் இனி எடுபடாது, எடைகூடிய ஓட்டுநர்கள் முதல்முறையாக நிம்மதியாக இட்லி சாப்பிடலாம், டயரைச் சிக்கனமாகத் தேய்ப்பவர்தான் கடைசிச் சுற்றில் மிஞ்சுவார் என்றெல்லாம் விளக்கினேன். எங்கள் ஆலை ஆள் முதல் பத்துக்குள் வருவார் என்று கணித்தேன். ‘மஞ்சள் வண்ண முத்திரை’ என்ற சொற்களையும் நானேதான் எழுதினேன். அடிக்கோடும் இட்டேன். இது பின்னால் தேவைப்படும்.

அவனுடைய எடையைத் தெரிந்துகொள்ள முதலில் வண்டியோடு அவனை லாரி எடைமேடையில் நிறுத்தினோம். கருங்கல் லாரிகளுக்குப் பழகிய மேடை அவனைப் பொருட்படுத்தவே இல்லை. பிறகு அரிசி மண்டித் தராசில் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றி நிறுத்தினோம். வாடகை அறைச் சாப்பாட்டின் விளைவு அங்கே துல்லியமாகத் தெரிந்தது. ஈயத் தகடு வாங்கவேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து மணிமங்கலம் போனேன். எங்கள் ஆலையின் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவருடைய வீடு அங்கே. பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். நிலத்தில் பாதி இப்போது யாருடைய கிடங்கோ. மீதியில் ஒரு தகரக் கொட்டகை, அதில் வல்லக்கோட்டை அறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய பந்தய வண்டி. எங்கள் கோவில்பட்டி ரைடருக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். வெள்ளிக்கிழமை லீவுக்கு மாற்றாக அதை ஒப்புக்கொண்டிருந்தான். எனவே வேலை எங்கள் இருவர் பொறுப்பு. ஃபிட்டருக்கும் என் வயதுதான். இருந்தாலும் என்னை சார் என்பார்; நீ என்பதையும் விடமாட்டார்.

பல்லவர் காலத்தில் அந்த ஊரில் பெரும்போர் நடந்தது என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

“யார் சார் ஜெயிச்சது?”

“பல்லவர்.”

“நம்ம சைடுதான். சரி, அந்தப் பதிமூணு ஸ்பேனரை இப்டி குடு.”

ஈயத் தகட்டைப் பொருத்தினோம். அதன்பின் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் சரிபார்த்து முறுக்குவது என்று முடிவாயிற்று. ஆலைத் தரத்தில் செய்யவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் மார்க்கரை எடுத்தேன். அது என்னோடு எப்போதும் இருக்கும். மற்றவர்கள் பேனா வைத்திருப்பதுபோல.

“நான் டைட் பண்ணிக்கினே போறேன், நீ கோடு போட்டுக்கினே வா சார்” என்றார் ஃபிட்டர்.

பின்சக்கரம், இன்ஜின், ஃபுட்ரெஸ்ட் என்று ஒழுங்காகப் போயிற்று. முன்சக்கரத்துக்கு வந்தபோது அவருடைய போன் அடித்தது. ஆலையில் கன்வேயர் நின்றுவிட்டதாம். “இன்னாது, நின்னு போச்சா? ரீசெட் போட்டியா? போட்டுட்டு எதுக்கு அடிக்கிற?” என்று கத்திக்கொண்டே வெளியே போனார். கன்வேயரைப் போனிலேயே ஓடவைக்கக் கால்மணி நேரமாயிற்று. அந்தக் கால்மணி நேரமும் நான் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. திரும்பி வந்தவர் மீதி வேலையை முடித்தார். வண்டி முழுக்க மஞ்சள் கோடுகள். மார்கழிக் கோலம் தோற்றது. இரண்டடி தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஃபிட்டருடைய மச்சானின் குட்டியானை வேனில் வண்டியை ஏற்றினோம். முந்தின நாள் முளைக்கீரை ஏற்றிய வாசனை இன்னும் இருந்தது. தடத்தின் வாசலில் பெரிய அணிகளின் லாரிகள் குளிர்சாதனத்தோடு நின்றன. காவலாளி எங்களைப் பார்த்து, “கேன்டீனுக்கு காய்கறியா? பின்பக்க கேட்டு” என்று அன்போடு வழிகாட்டினார்.

சோதனைக் கொட்டகை பதினொன்றரைக்கு மூடப்படும். அதற்குள் முத்திரை வாங்காத வண்டி பயிற்சிக்கும் போகமுடியாது, பந்தயத்துக்கும் போகமுடியாது. இதுவும் புதிய விதிதான். எங்கள் முறை வந்தபோது மணி பத்து ஐந்து. சோதனை அதிகாரி வயதானவர், வெள்ளைத் தொப்பி, கையில் டார்ச். மேஜையில் ஒரு சின்ன டப்பா, அதில் ஒரு தூரிகை.

எடை சரியாக வந்தது. டயர் சரி. பிறகு குனிந்து இன்ஜினில் டார்ச் அடித்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

“இந்த மஞ்சள யாரு வச்சது?”

“நான்தான் சார்” என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்கமாட்டேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் மேஜைமேலிருந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மஞ்சள் வண்ணம்.

“சீல் நாங்க வைக்கணும். நீங்களே வச்சிட்டு வந்திருக்கீங்க. முகூர்த்தத்துக்கு வர்றப்பவே தாலியும் கழுத்துமா வந்து நின்னா, நாங்கல்லாம் எதுக்கு சார் இங்க உக்காந்திருக்கோம்?”

பின்னால் வரிசையில் நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். ஃபிட்டர் தலையில் கைவைத்தார். ரைடர் தன் போனை எடுத்து, அதில் படம்பிடித்து வைத்திருந்த என் முன்னோட்டத்தைப் பெரிதாக்கி எனக்குக் காட்டினான்.

“மஞ்சள் வண்ண முத்திரைன்னு நீங்களே எழுதி, கோடும் போட்டிருக்கீங்களே அண்ணாச்சி.”

மூன்று முறை படித்தேன், எழுதினேன், அடிக்கோடிட்டேன். மஞ்சள் என்பது எங்களுக்கு ஒரு நிறமே அல்ல, மூச்சு மாதிரி என்பதை அதிகாரிக்கு எப்படி விளக்குவது? ஆலை வழக்கம் என்று சொல்லிப்பார்த்தேன்.

“நம்புறேன் சார். நீங்க சீலைத் திருடுற ஆள் மாதிரி தெரியல. திருடுறவன் எங்க வைக்கணுமோ அங்க மட்டும் வைப்பான், சீட்டு போல்ட்டுக்கெல்லாம் வைக்கமாட்டான்” என்றார். “ஆனா எது உங்க கோடு, எது என் சீல்னு நாளைக்கு யாராலயும் சொல்லமுடியாது. ஒண்ணு விடாம அழிங்க. கோடு இருந்த ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்தி, என் முன்னாடி மறுபடி முறுக்குங்க. பதினொன்றரைக்குள்ள முடிஞ்சா சீல். இல்லாட்டி அடுத்த பந்தயத்துக்கு வாங்க தம்பி.”

அடுத்த பந்தயம் வரும்போது ரைடர் குஜராத்தில் இருப்பான். ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரும் பஞ்சும் பக்கத்து அணியில் கடன் வாங்கினோம். நானும் ரைடரும் அழிப்பது, ஃபிட்டர் தளர்த்தி முறுக்குவது. முந்தின நாள் ஒவ்வொரு கோட்டையும் எவ்வளவு அக்கறையோடு அழுத்தி இழுத்திருந்தேன் என்பது தேய்க்கும்போதுதான் தெரிந்தது. தரமான பெயின்ட். லேசில் போகவில்லை.

“இன்னா சார், எங்க ஊட்டு நாய் சும்மாதான் பட்த்துகினு இருந்திச்சி. அதுக்கும் ஒரு கோடு போட்டிருக்கலாமே” என்றார் ஃபிட்டர், முறுக்கிக்கொண்டே.

பதினொன்று ஐந்துக்கு பின்பக்கம் முடிந்தது. இன்ஜினில் ஒரு போல்ட்டின் விளிம்பு தேய்ந்து ஸ்பேனர் வழுக்கியதில் பத்து நிமிடம் போனது. பதினொன்று இருபதுக்கு ரைடர் முன்சக்கரத்துக்கு வந்தான். முன் பிரேக்கை, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பிடித்து நிறுத்தும் இரண்டு போல்ட்டுகள். மேலே இருந்ததைப் பஞ்சால் தேய்த்தான். கோடு போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

பஞ்சோடு சேர்ந்து போல்ட்டும் திரும்பியது.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு விரலால் திருப்பிப் பார்த்தான். சுற்றியது. கீழ் போல்ட்டையும் பார்த்தான். அதுவும் சுற்றியது.

“அண்ணாச்சி” என்றான். சத்தம் போடவில்லை. “இது சும்மா மாட்டித்தான் இருக்கு.”

ஃபிட்டர் எழுந்து வந்து பார்த்தார். “நான் அத்தத் தொடவேல்ல சார். போன் பேசிட்டு வந்து பாத்தேன், கோடு கீது. கோடு இருந்தா எவன் தொடுவான்?”

எவனும் தொடமாட்டான். அப்படித்தான் எல்லோரையும் பழக்கிவைத்திருக்கிறேன். அந்தக் கால்மணி நேரத்தில், கன்வேயர் நின்றாலும் என் வேலை நிற்கக்கூடாது என்று, எப்படியும் முறுக்கப்போகிறாரே என்று, இரண்டு கோடுகளை முன்கூட்டியே இழுத்துவைத்தது நான். கோடு மிக நேராக இருந்தது.

அந்தத் தடத்தின் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் ஒரு வலது வளைவு. அங்கே முழு வேகத்தில் முன் பிரேக்கை அழுத்தவேண்டும் என்பதையும் என் முன்னோட்டத்தில் விவரமாக எழுதியிருந்தேன்.

ஏதோ சொல்ல வாய் திறந்தேன். ரைடர் கையை நீட்டி, “ரெஞ்ச குடுங்க” என்றான். அந்த இரண்டு போல்ட்டையும் அவனே முறுக்கினான். ஃபிட்டரிடமும் கொடுக்கவில்லை. ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும்வரை முறுக்கி, நிதானமாக மறுபடியும் ஒருமுறை பார்த்தான். பிறகு பழக்கதோஷத்தில் என் கை சட்டைப்பைக்குப் போனதைக் கவனித்தான்.

“மார்க்கரை வெளிய எடுத்தீங்கன்னா தடத்துல தூக்கி எறிஞ்சிருவேன், பாத்துக்கிடுங்க.”

பதினொன்று இருபத்தெட்டுக்கு அதிகாரி ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்தார். முன் பிரேக் விஷயத்தை அவர் கவனித்தாரா என்று தெரியாது. கவனித்திருக்கவேண்டும், அங்கே மட்டும் இரண்டு முறை தட்டினார். இன்ஜின் மூடியில் மூன்று இடங்களில் தூரிகையால் மஞ்சள் தொட்டு வைத்தார். என் கோடுகளோடு ஒப்பிட்டால் மிக மோசமான வேலை. ஒன்று வழிந்தது.

“போ தம்பி” என்றார்.

சனிக்கிழமை காலை கேன்டீன் பலகையிலிருந்து முன்னோட்டத்தைக் கழற்றினேன். கணிப்புகளை அப்படியே விட்டுவிட்டு, அடியில் ஒரு திருத்தம் எழுதி மறுபடி ஒட்டினேன்: ‘மேற்கண்ட விதிகளை இதன் ஆசிரியர் மூன்று முறை படித்தார், புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.’ அன்று மதியம் இரண்டு பேர் நின்று படித்தார்கள். எலுமிச்சைச் சாதமா புளிச்சாதமா என்று தேடியவர்களாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிக்கு முந்திய வரிசையில் அவன் நின்றான். சிவப்பு விளக்கு அணைந்தபோது அந்தக் கூட்டத்துக்குள் இருந்தான். நேர்ப்பாதை முடிந்து வலது வளைவு வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றும் ஃபிட்டர்தான், “திரும்பிட்டான் சார், தொற” என்று சொன்னார். பதினேழாவதாக முடித்தான். என் கணிப்புக்கு ஏழு இடம் பின்னால். இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான்.  என் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் கிடையாது. எனவே வழியனுப்பும் காட்சியும் கிடையாது. திங்கட்கிழமை விடியற்காலையில் அவன் பஸ் பிடித்து சென்ட்ரலுக்குப் போய்விட்டான். நான் வேலைக்கு வந்தபோது, அவன் அறைத் தோழனிடம் கொடுத்தனுப்பிய காகிதம் ஒன்று என் மேஜைமேல் மடித்துக் கிடந்தது. அன்றைக்கு நான் அவனுக்குக் கொடுத்த அதே மெமோ, ஊழியர் பிரதி. தேதியை அடித்து, வியாழக்கிழமைத் தேதி போட்டிருந்தான். ‘பெறுபவர்’ என்ற இடத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, ‘தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர்’ என்று எழுதியிருந்தான். ‘எத்தனையாவது போல்ட்’ என்ற இடத்தில், ‘முன் பிரேக், இரண்டும்.’ ‘காரணம்’ கட்டத்தில் நான் எழுதியதை அப்படியே விட்டிருந்தான்.

ஓரத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘கோடு நேராக இருந்தது.’

கையெழுத்துப் போட்டேன். மணி எழுதினேன். கோப்பில் சேர்த்தேன்.